எட்டு மேசை காலி

"சாரி சார், இடம் இல்லை."

கணவன் உடனே திரும்பிவிட்டான். மனைவி நகரவில்லை. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்து எண்ணினாள்.

"என்னம்மா இடமில்லைங்கற? எட்டு மேசை காலியா இருக்கே."

"எல்லாம் புக் ஆயிடுச்சு மேடம்" என்றாள் ரிசப்ஷனில் நின்ற பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். மேடத்தின் முகத்தைப் பார்க்காமல், எதிரிலிருந்த நோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி வா, போகலாம்" என்றான் கணவன்.

"இருங்க. எங்க போறது?"

அவர்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். ஒரு மாதமாக வீட்டில் எந்த ஹோட்டலில் சாப்பிடுவது என்ற பேச்சுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருப்பது மலிவு, ஆனால் சந்தைக்கடை இரைச்சல். சினிமா தியேட்டர் பக்கத்தில் இருப்பதில் நாற்காலி சூடாகும் முன்பே பில்லை நீட்டிவிடுவார்கள். "இடம் உன் இஷ்டம், செலவு என் பாடு" என்று அவன் வாய்விட்டதால், தையல் கம்பெனிக்குப் போகும் பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஏழு வருஷமாகப் பார்த்துவந்த இந்த ரெஸ்டாரன்ட்டைக் கேட்டுவிட்டாள். "கையைக் கடிக்குமேங்க" என்று அவளே இரண்டு தரம் பின்வாங்கியும் பார்த்தாள். "ஒரு நாள்தானே" என்று அவன்தான் சொன்னான்.

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஜோடி, "புக் பண்ணலை, ரெண்டு பேருக்குக் கிடைக்குமா?" என்றது.

ரிசப்ஷன் பெண் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து வெயிட்டர் ஓடி வந்தார். "வாங்க சார், எங்க வேணும்னாலும் உட்காரலாம்."

அவ்வளவுதான்.

"ஓஹோ! கார்ல வந்தாத்தான் மேசை முளைக்குமா? எங்க செருப்பைப் பார்த்து எடை போட்டியா நீ?"

"மேடம், அப்படி இல்லை..."

"வேற எப்படி? நானும் காசு குடுத்துத்தானே சாப்பிடப்போறேன், ஓசிக்கா வந்தேன்?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, ஏழெட்டு டேபிள் காலியா இருக்கு. எதுக்கு இவங்களைத் திருப்பி அனுப்பின?"

அவள் ஒரு கணம் அந்தக் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் தப்புதான் சார்" என்றாள்.

மேனேஜர் அவர்களிடம் திரும்பினார். "மன்னிக்கணும். ஜன்னல் பக்கம் டேபிள் தரேன், வாங்க."

மனைவியின் கண் ஜன்னல் பக்கம் போனது. வெள்ளைத் துணி விரித்த சின்ன மேசை. நடுவில் ஒரே ஒரு பூ. கோபம் பாதி இறங்கிவிட்டது அவளுக்கு.

"வேணாம்!" என்றான் கணவன். சத்தமாக. அவளே திடுக்கிட்டாள். "மரியாதை இல்லாத இடத்துல பச்சைத் தண்ணிகூடக் குடிக்கக்கூடாது."

மேனேஜர் தயங்கினார். "உங்க இஷ்டம் சார். இதோ கம்ப்ளெயின்ட் புக். எழுத்துல குடுத்துட்டீங்கன்னா ஓனர் இந்தப் பொண்ணை வெச்சுக்க மாட்டார். பாவம், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆச்சு. மன்னிச்சு விட்டுட்டீங்கன்னா..."

மனைவி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

அவன் பேனாவை எடுத்தான். அது முதலில் எழுதவில்லை. உதறிவிட்டு நாலு வரி எழுதினான். கையெழுத்தும் போட்டான்.

படியிறங்கும்போது மனைவி அவன் கையைக் கோத்துக்கொண்டாள்.

"போனாப் போகுது விடுங்க. பத்து வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்காக வாயைத் திறந்திருக்கீங்க. எனக்கு அது போதும்."

அவன் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தான்.

பின்பக்க அறையில் அந்தப் பெண் சீருடைக் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கேஷியர் அக்கா அவளுடைய டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து பையில் திணித்தாள்.

"கிறுக்குப் பொண்ணே, யாருக்கு வந்த விருந்தோன்னு எல்லாரையும் உள்ள விட்டுட்டு இருந்திருக்கலாம்ல? அவங்க மேல உனக்கென்னடி பகை?"

"பகையெல்லாம் இல்லைக்கா."

"அப்புறம்? 'எளியவங்கன்னா இவளுக்கு இளக்காரம், இந்த மாதிரி ஆளை வேலைக்கு வெச்சா உங்க பேருதான் கெடும்'னு என்னமா எழுதியிருக்கான் பார்த்தியா? மேனேஜர் கேட்டப்பவாவது எதையாச்சும் சொல்லித் தப்பிச்சிருக்கலாம்."

"எப்படிக்கா சொல்றது? அவங்க வீட்டம்மா பக்கத்துலயே நின்னாங்களே."

"நின்னா உனக்கென்ன?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நாலு மணிக்கு அவர் மட்டும் தனியா வந்தாருக்கா. மெனு கார்டைப் புரட்டிப் பார்த்துட்டு அப்படியே உட்கார்ந்துட்டாரு. 'வேலை போய் மூணு வாரம் ஆச்சு தங்கச்சி, அவளுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் கூட்டிட்டு வருவேன், எதையாவது சொல்லி எங்களை வாசலோட அனுப்பிடு'ன்னு கெஞ்சினாரு."