ஆந்தையிடம் சொன்ன வாக்குகள்

ஆந்தை குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தது.

ஆறடி ஆந்தை. பழுப்புக் கம்பளி உடம்பு, மஞ்சள் அலகு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு கல்லூரி மாணவியர் சங்கத்தின் சின்னமே அதுதான். விழா நாட்களில் யாராவது அதற்குள் புகுந்து ஆடுவார்கள். மற்ற நாட்களில், மாணவியர் சேர்ந்து வசிக்கும் சங்க வீட்டின் நிலவறையில், வாஷிங் மெஷின்களுக்கு எதிரே, வயிறு நிறையத் தலையணைகளோடு பழைய சோபாவில் கிடக்கும்.

இன்று அதன் வயிற்றில் இருந்தது டார்சி.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு சங்கத் தலைவி தேர்தலில் தோற்றவள்.

தோற்றதும் நேராகக் கீழே வந்து, ‘நான் சங்கத்தைவிட்டு விலகுகிறேன்’ என்று போனில் ஒரு கடிதம் எழுதினாள். அனுப்புவதுதான் பாக்கி. அதற்குள் படியில் காலடிச் சத்தம். அழுது சிவந்த மூக்கோடு ஒருத்தி முன்னால் எப்படி நிற்பது? தலையணைகளை உருவி எறிந்துவிட்டு ஆந்தைக்குள் பாய்ந்தாள். சோபாவில் தொப்பென்று கவிழ்ந்தாள்.

கம்பளி இறக்கையால் தொட்டால் போன் மதிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. அலகால் குத்திப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை.

வந்தவள் காரா. துணியை மெஷினில் திணித்துவிட்டு சோபா ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வீட்டில் அது பழக்கம். துணி காயும்வரை, மற்றவர்களிடம் சொல்ல முடியாததை ஆந்தையிடம் சொல்வார்கள். யார் பரீட்சையில் கோட்டை விட்டாள், யாருடைய காதலன் கழன்றுகொண்டான், எல்லாம் ஆந்தைக்குத் தெரியும். அது இதுவரை யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை.

“ஏ ஆந்த, உங்கிட்ட மட்டும் சொல்றேன்டி. நான் டார்சிக்குத்தான் கை தூக்கினேன்.”

டார்சியின் அழுகை பாதியில் நின்றது.

மேஜையில் தலை கவிழ்த்து, கண்ணை மூடி, கையைத் தூக்குவதுதான் அங்கே ஓட்டு. யார் யாருக்குத் தூக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எண்ணிக்கையையும் சொல்ல மாட்டார்கள், வென்றவளின் பெயரை மட்டும் படிப்பார்கள். போட்டியிடுகிற இருவரும் அந்த நேரம் முழுக்க வெளியே காத்திருக்க வேண்டும். டார்சியும் மெக்கென்னாவும் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே சிப்ஸ் பொட்டலத்தில் மாறி மாறிக் கைவிட்டபடி காத்திருந்தார்கள்.

அடுத்து இரண்டு பேர், ஈரத் துண்டுகளோடு. “நாங்களும் டார்சிக்குத்தான், ஆந்த.”

அடுத்து வந்தவள் ப்ரீ.

சங்கத்தில் சேரும் ஒவ்வொரு புதியவளுக்கும் ஓர் அக்காவை ஒதுக்கிக் கொடுப்பார்கள். ப்ரீக்கு வாய்த்த அக்கா டார்சி. அவளுடைய ஓட்டு எங்கே போய்விடும்?

“டார்சி அக்காவுக்கு நான் போடல, ஆந்த. அக்கான்னா எனக்கு உசுருதான். ஆனா காலைல எட்டு மணிக் கூட்டத்துக்கு ஒரு நாளாவது எந்திரிச்சிருக்கா? தலைவியே தூங்கிட்டா எப்படி?”

துரோகி. ஆந்தைக்குள் பல் நறநறத்தது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் டார்சி கட்சி. ஒருத்தி ஒற்றைக் காலுறையைத் துவைக்க வந்தாள். ஒருத்தி காய்ந்த துணியையே மறுபடி காயப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் இவ்வளவு துவைக்கிற பழக்கம் அந்த வீட்டில் எப்போது வந்தது என்று டார்சிக்குப் புரியவில்லை.

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

மொத்தம் நாற்பத்தொரு பேர். போட்டியிட்ட இருவர் போக, முப்பத்தொன்பது ஓட்டு. இருபது விழுந்தால் வெற்றி.

பதினொன்று. பதினைந்து. பத்தொன்பது.

பத்தொன்பது! அப்படியானால் எண்ணியவர்களிடம் ஏதோ கோளாறு. இன்னும் ஒன்று போதும். மேலே போய் மறு எண்ணிக்கை கேட்டுவிடலாம். விலகல் கடிதம் எதற்கு? பதவியேற்புக்கு என்ன உடை என்பதுதான் இப்போது யோசிக்க வேண்டியது.

மறுபடி காலடிச் சத்தம். சோபா ஓரம் அமுங்கியது. குரலைக் கேட்டதும் ஆந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டது. புதுத் தலைவி மெக்கென்னா.

“வெக்கத்தவிட்டுச் சொல்றேன், ஆந்த. நானே டார்சிக்குத்தான்டி போட்டேன்.”

இருபது!

டார்சி துள்ளி எழப் பார்த்தாள். ஒரு காலைத் தரையில் ஊன்றியும்விட்டாள்.

அப்போதுதான் சிப்ஸ் ஞாபகம் வந்தது.

முதல் கை உயர்ந்ததிலிருந்து கடைசிக் கை இறங்கும்வரை, மெக்கென்னா படிக்கட்டில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

முதுகில் ஒரு கை பட்டது. அவ்வளவு நேரமும் திறந்தே கிடந்த ஜிப், இடுப்பிலிருந்து கழுத்துவரை சர்ரென்று ஏறியது.

“ஆந்தைக்குச் சளி புடிச்சுக்கப் போகுது” என்றுவிட்டு மெக்கென்னா படியேறிப் போனாள்.

டார்சி மெதுவாகத் தன் பனியனின் முதுகை நினைத்துப் பார்த்தாள். இரண்டு வாரப் பிரச்சாரத்தில் துவைக்கவே துவைக்காத பனியன். சாப்பாட்டு வரிசையில் பின்னால் நிற்பவர்களும் வாசிக்கட்டும் என்று, பளபளக்கும் ஊதாப் பசையால், தோளிலிருந்து இடுப்புவரை அவளே எழுதியது.

‘டார்சிக்கே கை தூக்குவோம்!’

காரா அதைப் படித்திருக்கிறாள். ஒற்றைக் காலுறைக்காரி படித்திருக்கிறாள்.

ப்ரீயும் படித்திருக்கிறாள். படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

மேலே இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. சீஸ் உருகும் வாசனை நிலவறைக்கே இறங்கி வந்தது. டார்சி முதுகுப் பக்கம் துழாவினாள். இறக்கை எட்டவில்லை. இன்னொரு பக்கமாகத் துழாவினாள். அதுவும் எட்டவில்லை.

அந்த வீட்டில் முதல் தடவையாக ஆந்தை வாயைத் திறந்தது.

“ப்ரீ! ஏய் ப்ரீ! கீழ வாடி! இந்த ஜிப்ப எறக்கி விடு. அப்புறம் போன்ல ஒண்ணு அழிக்கணும், இந்த எழவெடுத்த எறக்கையால முடியல!”