பத்தாயிரம் பேருக்கு லீவு

"இன்னிக்கு நான் ஒருத்தனே பத்தாயிரம் பேருக்கு லீவு விட்டுட்டேன்" என்றபடி முனியப்பன் வாசற்படியில் சாய்ந்தார்.

"நீ என்ன மந்திரியா?" என்றாள் மனைவி லட்சுமம்மா.

"கம்பெனி மேனேஜரே போன்ல அழுதாரு. அழுத அழுகையில என் காது நனைஞ்சுபோச்சு."

"அதை ஒரு சொம்புல பிடிச்சிருக்கலாம்ல? அரிசி கழுவியிருப்பேன். ஸ்ரீராம்புரம் முழுக்கக் குழாய்ல காத்துதான் வருது. இதுல உன் கதை வேற."

அப்போது மகள் சுனிதா, கழுத்தில் அடையாள அட்டையோடு சோர்ந்துபோய் வந்தாள்.

"என்னடி, காலையில போன ஆபீஸ்லேருந்து அதுக்குள்ள வந்துட்ட?"

"பாத்ரூமுக்குக்கூடத் தண்ணி இல்லம்மா. டேங்கர் வரல. வீட்லேருந்து வேலை பாருங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

முனியப்பன் தெருமுனையைக் காட்டினார். அங்கே அவர் ஓட்டும் டேங்கர் லாரியைச் சுற்றிச் சந்து ஜனம் மொத்தமும் குடங்களோடு நின்றது.

"போர்வெல்ல இன்னிக்கு ஒரே லோடுதான் வந்துச்சு. அப்புறம் வெறும் சேறு. அந்த ஒண்ணையும் உன் ஆபீஸுக்குக் கொண்டுபோக மனசு வரல. நாளைக்கு எனக்கு வேலை இருக்குமோ, என்னமோ."

லட்சுமம்மா வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நீ சொன்னது நெசந்தான்யா" என்றாள்.