இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே

மூன்று வாரமாக அந்த லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்று நின்று போனது. நான் ஏறினால் மட்டும் நிற்கவில்லை.

ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதைவிட அவமானம் கிடையாது.

மோட்டாரைப் பார்த்தேன். பிரேக்கைப் பார்த்தேன். மணல் மூட்டைகளை ஏற்றி நாற்பது தடவை ஓட்டினேன். மூட்டைகள் சொகுசாகப் போய்ச் சொகுசாக வந்தன.

வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கட்டட மேனேஜர் சொல்லிவிட்டார். இந்தக் கட்டடம் போனால் எனக்கு வேறு கட்டடம் இல்லை.

உள்ளே சிக்கியவர்களைத் தேடிப்போய் விசாரித்தேன். பதினொரு பேர். ஆடிட்டர், வக்கீல், இன்ஷூரன்ஸ் அதிகாரி, இரண்டு டாக்டர்கள்.

எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். லிஃப்ட் நின்றது. கூட இருந்த ஸ்டோர்கீப்பர் இயேசுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கடைசியில் அவர் ஜெபம் பண்ணத் தொடங்கியதும் லிஃப்ட் கிளம்பியது.

இரண்டாம் முறை சிக்கிய டாக்டர், முதலிலேயே ஜெபத்துக்கு வந்துவிடும்படி அவரைக் கெஞ்சினாராம்.

ஸ்டோர்கீப்பருக்கு ஆறாம் மாடியில் வேலை. சபையில் சீஷர் பயிற்சி வகுப்பை முடித்து மூன்று மாதம் ஆகிறது. தினம் ஓர் ஆத்துமாவுக்காவது சுவிசேஷம் சொல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று கர்த்தரிடம் பொருத்தனை செய்திருந்தார்.

"கர்த்தர் நிறுத்துறாரு தம்பி. நீ ஏன் ஸ்பேனரத் தூக்கிக்கிட்டு அலையுற?" என்றார்.

அவரோடு ஐந்து முறை ஏறிப் பார்த்தேன். லிஃப்ட் நிற்கவில்லை. என் சட்டைக் கிரீஸ் சுவரில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அதோடு சரி.

லிஃப்ட் எப்படி நிற்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். மிகவும் அழகான ஏற்பாடு அது.

ஒவ்வொரு கதவிலும் ஒரு காண்டாக்ட் உண்டு. இரண்டு சின்ன உலோகத் துண்டுகள், அவ்வளவுதான். கதவு மூடினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மின்சாரம் ஓடும். எல்லாக் கதவுகளின் காண்டாக்டும் ஒரே கம்பியில் கோர்த்த மணிகள் மாதிரி. ஏதாவது ஒன்று விலகினாலும் லிஃப்ட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். திறந்த கதவோடு ஓடி ஆளைக் கொன்றுவிடக் கூடாதே.

அப்படியானால் ஏதோ ஒரு கதவு விலகுகிறது. எப்போது, எதனால்?

வியாழக்கிழமை காலை லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்தேன். செய்யக் கூடாத வேலை. மறுநாள் வெள்ளிக்கிழமை என்றால் செய்வோம். கதவின் காண்டாக்ட் என் முழங்காலுக்குப் பக்கத்தில். காற்றுத் துளை வழியே உள்ளே நன்றாகத் தெரிந்தது.

ஸ்டோர்கீப்பர் ஏறினார். கூடவே வாளியோடு துப்புரவு அக்கா. லிஃப்ட் வழுக்கிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனது. உள்ளே பேச்சுமூச்சு இல்லை.

ஒன்பது மணிக்கு இருவரும் கீழே வந்து மறுபடி ஏறினார்கள். அவர் கையில் பார்சல், அக்கா கையில் புதுத் தண்ணீர். கதவு மூடப்போகும் நேரத்தில் கோட்டு போட்ட ஒருவர் ஓடிவந்து நுழைந்தார். நான்காம் மாடி வங்கிக்கு வந்திருக்கும் புது மேனேஜர்.

ஸ்டோர்கீப்பருக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. வணக்கம் சொன்னார். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். அதற்கு எட்டு நொடி. எட்டு நொடியில் இந்த லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியிருக்கும்.

பிறகு நகர்ந்துவந்து, மேனேஜருக்கும் கதவுக்கும் நடுவே நின்று, முதுகைக் கதவில் சாய்த்தார்.

காண்டாக்ட் விலகியது. ஓர் அரிசியின் பருமன்கூட இருக்காது.

லிஃப்ட் நின்றது.

பன்னிரண்டு நிமிடம் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஜெபத்துக்காகக் கண்ணை மூடித் தலையைக் குனிந்தபோது முதுகு கதவை விட்டு வந்தது. காண்டாக்ட் ஒட்டியது. லிஃப்ட் கிளம்பியது. மேனேஜர் நான்காம் மாடியில் ஓட்டமும் நடையுமாக வெளியேறினார்.

ஆறாம் மாடியில் நான் இறங்கி, சுவரில் சாக்பீஸால் படம் போட்டு ஸ்டோர்கீப்பருக்கு விளக்கினேன்.

"நீங்க சாஞ்சா நிக்குது அண்ணே, நிமிந்தா ஓடுது. ஏன் கதவுல போய்ச் சாயுறீங்க?"

"ஆத்துமா தப்பிச்சுப் போயிரக் கூடாதுல்ல? வாசலை மறிச்சு நில்லுன்னுதான் வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க."

படத்தை இன்னொரு முறை பார்த்தார். அவர் முகத்தில் வாட்டமே இல்லை.

"சரி தம்பி, படமெல்லாம் நல்லா போடுற. என்னைச் சாய வெச்சது யாரு?"

அதற்கு என் பையில் ஸ்பேனர் இல்லை.

அக்கா வாளியைக் கீழே வைத்தார்.

"மூணு மாசமா தெனமும் உங்ககூடத்தான் ஏறுறேன் சார். இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நானோ இந்தத் தம்பியோ ஏறுறப்ப மட்டும் கர்த்தரு ஏன் சார் உங்களச் சாய வைக்கல?"

ஸ்டோர்கீப்பர் பார்சலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் காண்டாக்டின் தளர்ந்திருந்த திருகை இரண்டு சுற்று முறுக்கினேன். இப்போது யார் ஏறினாலும், யார் சாய்ந்தாலும், லிஃப்ட் நடுவில் நிற்பதில்லை.