பாட்டிலில் ஒட்டிய பெயர்

"சட்டப்படி உன்னை இனிமே ஈயம் உருக்குற பக்கமே விடக் கூடாதுப்பா," என்றார் பேட்டரி ஆலையின் டாக்டர்.

உலைக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்லாப் பாருங்க சார்!"

"பார்த்தாச்சு. இந்த ஆலையிலேயே உன் சிறுநீர்லதான் ஈயம் அதிகம். பாட்டில்ல உன் பேர்தானே ஒட்டியிருக்கு? போன வாரம் நீதானே வீட்டுலேர்ந்து கொண்டுவந்து குடுத்தே?"

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"வேலை போச்சேன்னு இடிஞ்சு போகாதே. இந்த ஈயத் தூசு படாம கொஞ்ச நாள் வீட்டுலயே இரு. குறைஞ்சிடும்."



தன்னுடையதைக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று பயந்து அவன் கொடுத்தது, ஆலை வாசலைக்கூட மிதிக்காத மனைவியின் சிறுநீர்.

அவன் யூனிஃபார்மைத் தினமும் உதறித் துவைப்பவள் அவள்தான்.

அவளுக்கு இது ஏழாவது மாதம்.