இருபது இருபது பக்கமாக

தங்கை சக்கர நாற்காலி கொண்டுவரப் போன நேரத்தில்தான் பெரியவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

தங்கையின் நாவலில் அடையாளச் சீட்டு வைத்திருந்த பக்கத்தைத் தாண்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

கட்டிலில் அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இன்றோடு பதினான்கு நாள். வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பை கட்டியாயிற்று. ஃபிளாஸ்க் கழுவியாயிற்று. இனி செய்ய ஒன்றுமில்லை என்றதும், அத்தனை நாளும் ஒளிந்திருந்த அசதி மொத்தமும் பெரியவளின் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பகல் அவளுடையது. இரவு சின்னவளுடையது.

பெரியவள் தையல் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வருவாள். சின்னவள் விடிய விடிய விழித்த கண்ணோடு இங்கிருந்தே செருப்புக் கடை வேலைக்குப் போவாள். கை மாறும் அந்த ஐந்து நிமிஷம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

பேச்சு நின்று ஆறு வருஷம்.

அப்பா போன பிறகு அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஆரம்பித்த வாக்குவாதத்தில், "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவளுக்கு என்ன தெரியும்" என்று பெரியவள் ஒரு வார்த்தை விட்டாள். அதன் பிறகு சின்னவள் அக்கா வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் தெருமுனைப் பூங்காவுக்கு வரச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். மாத்திரை கொடுத்தாயிற்று என்பதை அம்மாவிடம் சொல்வாள் ஒருத்தி. சரி என்பதை அம்மாவிடமே சொல்வாள் மற்றவள். நான் என்ன தபால் பெட்டியா என்று அம்மா ஒருநாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நாவலை இரண்டாம் நாள் நாற்காலியில் பார்த்தாள் பெரியவள். சின்னவள் விட்டுப்போனது. அட்டையில் ஒரு மஞ்சள் குடை, அதற்குக் கீழே இரண்டு ஜோடிக் கால்கள். உள்ளே பூக்கடை வைத்திருக்கும் ஒருத்தி, மாடி வீட்டுக்குக் குடிவந்த கால்நடை மருத்துவன் ஒருவன், தினம் ஒரு செருப்பாக அவள் வாசலிலிருந்து கவ்விக்கொண்டு போகும் அவனுடைய நாய்.

நாற்பத்தெட்டு வயசில் இதெல்லாம் ஒரு படிப்பா என்றுதான் பிரித்தாள். மூன்றாவது செருப்பு காணாமல் போன இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தாள், கணக்குக்குச் சிக்கவில்லை.

இருபதாம் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைச் சீட்டு இருந்தது. அங்கேயே மூடி வைத்தாள். சின்னவள் படிக்காத பக்கத்தை முந்திக்கொண்டு படிக்க மனசு வரவில்லை.

மறுநாள் சீட்டு நாற்பதில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி.

'இவன் மூஞ்சிக்கு இவ்வளவு திமிரா?'

பெரியவள் அந்த வரியைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நர்ஸிடம் பேனா வாங்கி எழுதினாள். 'திமிர் இல்லை. கூச்சம்.'

அதற்கு மறுநாள் அறுபதில் பதில் வந்திருந்தது. 'உனக்கு ஊரில் எல்லாருமே கூச்சக்காரர்கள்தான். என்னைத் தவிர.'

அன்று முழுக்கப் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் நாய்க்கு நல்ல குணம் என்று எழுதிவைத்தாள்.

அப்படியே ஓடியது. ராத்திரிக்கு இருபது பக்கம், அளந்து வைத்தாற்போல. பாவம், தூக்கக் கலக்கத்தில் அதற்கு மேல் படிக்க முடியவில்லை போல என்று நினைத்துக்கொள்வாள் பெரியவள். நேருக்கு நேர் வந்தால் மட்டும் இரண்டு பேர் கண்ணும் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்க்கும்.

இன்று சீட்டு இருநூற்று அறுபதில் இருந்தது. மீதி இருபது பக்கம்.

இன்னும் அரை மணி நேரத்தில் அம்மா இவள் வீட்டுக்குப் போய்விடுவாள். சின்னவள் தன் வீட்டுக்குப் போய்விடுவாள். புத்தகமும் அவளோடு போய்விடும். முடிவு தெரியாமல் போவதா என்றுதான் பெரியவள் சீட்டைத் தாண்டினாள்.

அவசரமாகப் படித்தாள். மருத்துவன் ஒரு சாக்கு நிறையச் செருப்போடு பூக்கடை வாசலில் வந்து நின்றான். பூக்கடைக்காரி சரி என்றாள். மழை பெய்தது. சுபம்.

சுபத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு தேதி இருந்தது.

சின்னவள் எழுத்துதான். படித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுவைப்பது பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அவளுக்குப் பழக்கம்.

போன வருஷத்துத் தேதி.

வராந்தாவில் சக்கரச் சத்தம் நெருங்கியது. பெரியவள் சீட்டை இருநூற்று அறுபதிலேயே செருகிப் புத்தகத்தை மூடினாள்.

சின்னவள் நாற்காலியைக் கட்டிலோரம் நிறுத்தினாள். அம்மாவை எழுப்பக் குனிந்தவள், போர்வையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முடிச்சிட்டியாக்கா?"

"எங்க... இருபது பக்கம் பாக்கி இருக்கு." பெரியவள் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "நான் எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்க."

சின்னவள் அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். இந்தப் பக்கம் பெரியவள் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினார்கள்.

"சரி," என்றாள் சின்னவள். "முடிவை மட்டும் சொல்லிடாத."