நாலாவது மூலை

சமையல் மேசை மேல் விழும் ஜன்னல் வெயிலில் அலுமினியத் தூள் மினுங்குகிறது. அவர் பனியனிலும், மூக்குக் கண்ணாடியிலும், ஆறிப்போன டீயின் ஆடையிலும். இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே இறுக்கிய மெல்லிய தகடு, அரம் போய் வரும்போதெல்லாம் பல் கூசக் கிறீச்சிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரேடியோ, விளக்கு என்று எதையாவது செய்து தள்ளுகிறவர். இந்த ஞாயிறு, அழைப்பு மணி. காலில் மாவுக்கட்டோடு உள்ளறையில் படுத்திருக்கும் மனைவி, எதற்கும் எழுந்திருக்கவே கூடாது என்பதற்காக. ட்ரில் போட்ட வட்டத் துளையை நகமளவு சதுரமாக்கினால் பட்டன் உட்கார்ந்துவிடும். "ஏங்க, தண்ணி கேட்டேனே!" "இதோ, ரெண்டே இழுப்பு." மூன்று மூலைகள் கூர்மையாகிவிட்டன. நாலாவதில் பட்டன் தட்டுகிறது. ஒரு மயிரிழை கூடிப்போனாலும் உள்ளே விழுந்துவிடும். அப்படிப் பல்லிளித்த இரண்டு தகடுகள் ஏற்கெனவே குப்பைக் கூடையில் கிடக்கின்றன. தேய்க்கிறார், ஊதுகிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், மறுபடி தேய்க்கிறார். மேசைக்கடியில் கால் தானாக ஆடுகிறது. "ஏங்க!" "அட, வந்துட்டேன்னு சொல்றேன்ல!" நாற்காலி நகரவில்லை.

டக். பட்டன் உட்கார்ந்துவிட்டது. ஒயரை மாட்டி அழுத்துகிறார். வீடே அதிரும்படி மணி அலறுகிறது. ஆசைக்கு இன்னொரு தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டு தரையில் உரச உரச, அவள் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். மூச்சு வாங்குகிறது. கையில் காலி டம்ளர்.

"கூப்பிட்டீங்களா?"