மலைப்பூதத்தின் பலம்

“எப்படிக் கணக்குப் போட்டாலும் தடியன் இன்னைக்குச் செத்துடுவான்டா” என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

கால்குலேட்டரை மேசைமேல் வைத்தான். எதிரில் இருந்த நண்பன், பட்டப்பெயர் சோடாபுட்டி, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எதையாவது யோசிக்க வேண்டியிருந்தால் அவனுக்கு முதலில் கண்ணாடிதான் அழுக்காகும்.

“சாக விடக்கூடாதுடா. ஏதாவது பண்ணு.”

தடியன் நிஜ ஆள் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை பேசி ஆடும் விளையாட்டில் வரும் வீரன். கதையை நடத்துவது மெக்கானிக். பூதம், பாம்பு, பேய் எல்லாம் அவன் பொறுப்பு.

இன்று முதல் பழைய விதிப்புத்தகத்தை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறுகிறார்கள். வம்பு அங்கேதான் வந்தது. பழையதில், இன்று சண்டைக்கு வரும் மலைப்பூதத்தின் உயிர் நாற்பது புள்ளி, அடிபட அடிபடக் குறையும். புதியதில் வீரர்களின் அடி பலமானது என்பதால், நாற்பதை அப்படியே வைத்தால் பூதம் கொட்டாவி விடுவதற்குள் விழுந்துவிடும். நூற்றிருபது வை என்கிறது புத்தகம். வைத்தால் பூதம் நின்று திருப்பி அடிக்கும், முன்னால் நிற்கும் தடியன் காலி.

“அறுபது வச்சிடறேன். யாருக்குத் தெரியப்போகுது.”

தடியனை உருவாக்கியவன் இவர்களுடைய நண்பன். வீட்டில் அம்மா தன்னைத் திட்டும் பெயரையே வீரனுக்கு வைத்த குறும்புக்காரன். போன வருடம் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அங்கேயே இறந்துபோனான். அம்மாவுக்குத் தையல் ஆலையில் வேலை, ஃபோனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து அவள் ஃபோனை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“என் பிள்ளை அப்படி என்னதான் ஆடினான், எனக்கும் சொல்லிக்குடுங்கடா” என்று பிறகு ஒருநாள் அவளே வந்து நின்றாள். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். அவளுக்கு, அடிபட்ட வீரர்களுக்கு மருந்து கொடுக்கும் மருத்துவச்சி வேடம். தடியனுக்காகச் சோடாபுட்டி பேசுகிறான், நண்பனின் அதே இழுவைக் குரலில். முதல் நாள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதவள், அடுத்த வாரம் சீக்கிரமே வந்துவிட்டாள்.

அந்தத் தடியனும் போய்விட்டால் அவள் என்ன ஆவாள்? அதற்காகத்தான் இந்தத் தில்லுமுல்லு.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

“சாப்பிட்டீங்களாடா ரெண்டு பேரும்?”

கையில் புதிய விதிப்புத்தகம். மாறச் சொன்னதே அவள்தான், பழையதில் எழுத்து பொடியாக இருக்கிறது என்று. புதியதில் எழுத்து அதைவிடப் பொடி. ஆனால் ஆசையாகக் கேட்டவளிடம் அதைப் போய் யார் சொல்வது என்று விட்டுவிட்டார்கள்.

“இதுல ஆள் விழுந்தவுடனே சாக மாட்டானாமே?” என்றாள்.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. தன் கணக்கில் அதை அவன் சேர்க்கவே இல்லை. “ஆமாம்மா. பழையதுல உயிர் பூஜ்யமானா அந்த நிமிஷமே போயிடுவான். இதுல இன்னும் மூணு சுத்து ஆட்டத்துக்கு மூச்சு இருக்கும். நீங்க போய் மருந்து குடுத்தா எழுந்து உட்கார்ந்துடுவான்.”

“அந்த நேரத்துல பேசுவானா?”

“தாராளமா பேசலாம்மா.”

அவள் தலையாட்டிக்கொண்டாள். பாவம், பிள்ளை விழுவதற்கு முன்பே பயப்படுகிறாள் என்று அவன் நினைத்தான்.

“பூதத்துக்கு எவ்வளவு வச்சிருக்கே?”

“புத்தகத்துல இருக்கிறதுதாம்மா. அறுபது.”

“நூத்தியிருபதுன்னு போட்டிருக்கு. நானும் படிச்சேன்.”

மெக்கானிக் கால்குலேட்டரைக் கையில் எடுத்தான். சோடாபுட்டிக்கு மறுபடியும் கண்ணாடி அழுக்காகிவிட்டது.

“போன மாசம் ஓநாய்க் கூட்டம் ரெண்டு அடியில ஓடிப்போச்சு. அந்தச் சிலந்தி தொட்டவுடனே சுருண்டு விழுந்துச்சு. எனக்குப் புரியாதா? எனக்காகத்தானே எல்லாத்தையும் குறைச்சீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவர்களுக்கு.

“நூத்தியிருபதே வை.”

“அம்மா, அவ்வளவு வச்சா தடியன் தாங்க மாட்டான்.”

“தெரியும்ப்பா.”

ஆட்டத்தில் மருத்துவச்சிக்குக் கொடுத்திருந்த மருந்து அட்டைகளை எடுத்தாள். ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாமல் மேசையின் மறுகோடிக்குத் தள்ளினாள்.

“அவனைக் காப்பாத்த வேண்டாமாம்மா?” என்றான் சோடாபுட்டி.

அம்மா நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“இந்தத் தடவையாவது அவன் போகும்போது நான் பக்கத்துல இருக்கேன்டா.”